ஒரு பிடி வெங்காயம்

தண்டர் பேயில் முதல் நாள் வேலை.
ஆர்தர் வீதி சாண்ட்விச் கடை.
மஞ்சள் ஜாக்கெட் போட்ட ரயில்வேக்காரர்
"ஹோல்ட் த ஆனியன்ஸ்" என்றார்.
பிடித்தேன்.
கையுறைக்குள் ஒரு பிடி வெங்காயம்.
அடுத்து எங்கே வைக்கச் சொல்வார் என்று
அவர் முகத்தையே பார்த்தபடி நின்றேன்.
அவரும் என்னைப் பார்த்தார்.
பின்னால் வரிசையில் ஆறு பேர்.
மேலாளர் பிரெண்டா வந்து
என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து
வெங்காயத்தைத் தட்டில் திரும்பக் கொட்டினாள்.
வேண்டாம் என்பதற்குத்தானாம்
பிடி என்கிறார்கள்.

அன்றோடு அந்தச் சொல்லை நம்புவதை விட்டேன்.
அதுவோ என்னை விடுவதாயில்லை.

வங்கி என் முதல் காசோலையை
ஐந்து நாள் ஹோல்ட் செய்தது.
வாடகை மூன்றாம் நாள்.
நூலகத்தில் அதே சொல்
நல்ல பிள்ளை வேஷம் கட்டியது:
என் பெயரின் முதல் நாலு எழுத்தை
ஒரு துண்டுத் தாளில் செருகிக்கொண்டு
புத்தகம் ஒன்று தட்டில் நின்றது.
இந்த ஊரில்
எனக்காகக் காத்திருந்த முதல் பொருள்.

பனியில் நான் ஓடி வருவதைக் கண்டு
பஸ்ஸை ஹோல்ட் பண்ணினாள் சாரதி.
ஏறியதும் "ஹோல்ட் ஆன்" என்று கத்தினாள்.
முதலாவது அவள் செய்தது,
இரண்டாவது நான் செய்யவேண்டியது.
அது விளங்குவதற்குள்
யாரோ ஒருவரின் மடியில் இருந்தேன்.

சிரிக்காதேங்கோ.
எங்கட பிடி மட்டும் ஒழுங்கோ?
தடிமன் பிடிக்கும், பேய் பிடிக்கும்,
சோறு அடிப்பிடிக்கும்.
பஸ் பிடிக்க ஓடலாம், படம் பிடிக்க நிற்கலாம்.
வைபர் இரைச்சலுக்கு நடுவில் ஒருத்தன்
"பிடிச்சிருக்கோ?" என்று கேட்கலாம்.
சிக்னலைத்தான் கேட்கிறான் என்று நினைத்து
"ஓம், இப்ப நல்லா இருக்கு" என்று சொல்லலாம்.
அதைச் சம்மதமாக எடுத்து
அவன் தாலியும் கட்டலாம்.

அவனுக்காகத்தான் குடிவரவு அலுவலகத்துக்கு அழைத்தேன்.
ப்ளீஸ் ஹோல்ட்.
ஐம்பத்திரண்டு நிமிடம் ஒரே பியானோ.
தோளுக்கும் காதுக்கும் இடையில் போன்,
பாதி தோலுரித்த உருளைக்கிழங்கு கையில்.
கடைசியில் ஒரு குரல்:
உங்கள் ஃபைல் ஆன் ஹோல்ட்.
ஏன் என்றேன்.
அதற்கும் ஒரு நிமிடம் ஹோல்ட் என்றாள்.
லைன் அறுந்தது.

எனக்கு இரவு, அங்கே விடியல்.
"என்னவாம்?" என்று ஜெயசீலன் கேட்டான்.
தமிழைத் தேடினேன்.
கைக்கு அகப்பட்டதைச் சொன்னேன்:
"பிடிச்சு வைச்சிருக்கினமாம்."

மறுபக்கம் பேச்சில்லை.
லைனில் பிழையில்லை,
அவன் வீட்டுச் சேவல் கூவியது தெளிவாகவே கேட்டது.
அந்த வீட்டுக்கு இந்த வசனம்
முன்பும் ஒருதரம் வந்திருக்கிறது,
அண்ணனைப் பற்றி.
அதற்குப் பிறகு வேறு வசனம் வரவேயில்லை.

"ஆரை?" என்றான்.

ஆக்களை இல்லை. ஃபைலை.
ஃபைலை, ஜெயா. வெறும் கடதாசி.
மூன்று தரம் சொன்னேன்.
நாலாம் தரம்தான் மூச்சு விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை
மேல்வீட்டு ரெய்னோ என்னை ஏரிக்குக் கூட்டிப்போனார்,
மீன் பிடிக்க.
உறைந்த தண்ணீரில் துளை போட்டு,
அளவுகோலை இறக்கிப் பார்த்து,
"இட் வில் ஹோல்ட்" என்றார்.
பிடிக்குமா? நிறுத்துமா?
காக்க வைக்குமா? வேண்டாம் என்கிறதா?
அவர் அதற்குள் வாளியோடு நடந்துவிட்டார்.
தாங்குமாம்.
இத்தனை நாளும் அதற்குள்
இதுவும் இருந்திருக்கிறது.
ஒரு காலை வைத்தேன்.
அடியில் எங்கோ ஏதோ உறுமியது.
மற்றக் காலையும் வைத்தேன்.

நடு ஏரியிலிருந்து அவனுக்கு அழைத்து
வெள்ளையைச் சுற்றிக் காட்டினேன்.
"எவ்வளவு தடிப்பு?"
"ஏழு அங்குலம்."
"காணுமோ?"
கொஞ்சம் பொறுத்து,
"போனை வடிவாப் பிடி" என்றான்,
"ஓட்டைக்குள்ள விழுத்திப் போடாதை."